ஒன்பது முள்ளும் டாக்டர் ரஹிமாவும்

டாக்டர் ரஹிமா இறந்த செய்தி எனக்குப் பெரிய மார்க்கெட்டில்தான் கிடைத்தது. நண்டு விற்கும் மஞ்சுளா, கூடை மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடிக்கொண்டே கேட்டாள்: "இன்னா பெரியப்பா, ஒங்க டாக்டரம்மா தவறிட்டாங்களாமே? நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்களாம். நீ போவலியா?"

எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் வேலை பார்த்த காலாப்பட்டு கடலுயிர் ஆய்வுக்கூடத்தில் மூன்று பேரிடம் என் போன் நம்பர் இருக்கிறது. நண்டு வேண்டுமென்றால் விடிவதற்கு முன்பே கூப்பிடுவார்கள். இதைச் சொல்லக் கூப்பிடவில்லை. இப்போது நினைவு மலருக்கு "அம்மாவைப் பற்றி நல்லபடியா நாலு வரி" கேட்டு மூன்று பேரும் கூப்பிட்டுவிட்டார்கள். நாலு வரியில் முடிகிற விஷயம் என்னிடம் இல்லை. நல்லபடியானதா என்பதைப் படிக்கிறவர்கள் சொல்லட்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் உப்பளம் பேட்டைக்காரன், பஞ்சு மில்லில் வேலை பார்த்தவன். மில் மூடியபோது எனக்கு வயது நாற்பத்தாறு. எங்களுடையது மீன்பிடிக் குடும்பம் இல்லை. கழிமுகத்தில் நண்டுக்கூடு போடுவதை நானாகப் பார்த்துக் கற்றேன். அதனால்தான் படகுத்துறையில் இன்றும் என் பெயர் மில்லுக்காரர்.

மணல் தோண்ட வந்த ஒரு கப்பல் திரும்பிப் போன பிறகு என் கூட்டில் ஒரு புது நண்டு ஏறத் தொடங்கியது. மட்டிக் குஞ்சுகளைத் தின்றது, நம் நண்டின் குஞ்சுகளையும் தின்றது. ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். சிரித்தார்கள். கடைசியில் ஒன்றைப் பால் கேனில் போட்டு பஸ் ஏறிக் காலாப்பட்டு போனேன். டாக்டர் ரஹிமா அதை வெறுங்கையால் பின்பக்கமாகப் பிடித்துத் தூக்கி, கண்ணோரத்து முட்களை எண்ணினார். நம் சேற்று நண்டுக்குக் கண்ணிலிருந்து ஓட்டின் விளிம்பு வரை ஒரு பக்கத்துக்கு ஒன்பது முள். இதற்கு ஐந்து.

"எவ்ளோ நாளா ஐயா கெடைக்குது?"

"ரெண்டு மழைக்காலமா."

"ரெண்டா! யார் கிட்டயும் சொல்லலியா நீங்க?"

"சொன்னேனே. கொழம்பு வெச்சிப் பாக்கச் சொன்னாங்க."

அவர் சிரிக்கவில்லை. மறுநாளே படகுத்துறைக்கு வந்துவிட்டார். கப்பல் நண்டு என்று நாங்கள் பெயர் வைத்த அதை ஆராய்வதற்கும் அடக்குவதற்கும் அவர்தான் தலைமை ஏற்றார். எங்கெங்கே இருக்கிறது என்று கழிமுகம் முழுக்கக் கூடு போட்டுப் பார்த்தார். பாலம் வரை இருந்தது. பாலத்துக்கு மேலே, ஆறு வரும் திசையில் அலையாத்தி மரங்கள் நிற்கும் பக்கம், ஒன்றுகூட இல்லை. பாலத்தைத் தாண்ட விடக்கூடாது என்பதுதான் அவருடைய திட்டம் முழுவதும். அந்த முதல் நண்டைப் பற்றி அவருடைய அறிக்கையில் "உள்ளூர்வாசி ஒருவர் கொண்டுவந்தார்" என்று இருக்கிறது. அந்த ஒருவருக்குப் பெயர் உண்டு. இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

எங்கள் முதல் சண்டை சினை நண்டில் வந்தது. வயிற்றில் முட்டையோடு ஏறும் நண்டைத் தண்ணீரிலேயே விட வேண்டும் என்று நான் வருஷக்கணக்கில் துறையில் கத்திப் பழக்கியிருந்தேன். அவர் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்: கப்பல் நண்டு சினையாக இருந்தாலும் விடாதீர்கள், டிரம்மில் போடுங்கள். கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"டாக்டரம்மா, ஒரு காயிதத்த ஒட்டி என் பத்து வருஷத்தக் கெடுக்கறீங்க."

"இது வேற நண்டு ஐயா, அது வேற நண்டு."

"அது கைக்குத் தெரியுமா? கொல்லலாம்னு ஒரு வாட்டி சொல்லிட்டா கை எல்லாத்தையும் கொல்லும்."

ஒரு மாதம் கழித்து அந்த டிரம்மை அவர் எதிரிலேயே கவிழ்த்தேன். பாதி நம் நண்டு. அவர் அந்த நாற்றத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். எழுந்து, துறை முழுக்கக் கேட்கும்படி, "நோட்டீஸ் தப்பு. மில்லுக்காரர் சொன்னதுதான் சரி" என்றார். தன் கையாலேயே அதைக் கிழித்தார். முள்ளை எண்ணிய பிறகுதான் கொல்வதும் விடுவதும் என்ற வழக்கம் அன்று வந்தது. "எண்ணிட்டுப் பேசலாம்" என்பது அவருடைய வாய்ப்பேச்சாகவே ஆகிவிட்டது. படித்தவர் ஒருவர் கைலி கட்டியவர்கள் முன்னால் தப்பு என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அன்று எனக்கு அது என் வெற்றியாக மட்டும் தெரிந்தது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. துறைத் தண்ணீரில் டீசல் மிதக்கும் என்பதால், எல்லாருடைய சினை நண்டுகளையும் ஈரச் சாக்கில் வாங்கிப் பாலத்துக்கு மேலே நல்ல தண்ணீரில் கொண்டுபோய் விடுவேன். டாக்டர் அதைத் தடுக்கவில்லை. "மில்லுக்காரர் எண்ணினார்னா எண்ணினதுதான்" என்று மாணவர்களிடம் சொன்னார். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் சாக்கோடு தண்ணீரில் நின்றபோது, பாலத்தின் மேலிருந்து குடையைச் சாய்த்துக் குரல் கொடுத்தார்.

"எண்ணிட்டீங்களா ஐயா?"

"எண்ணாம விடுவேனா?"

மழை விட்டதும் பாலத்துக்கு மேலே போட்ட கூட்டில் ஐந்து முள் நண்டுகள் ஏறின. அவர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். என் மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, அன்று சாக்கில் இருந்தவற்றைப் பற்றி மறுபடியும் கேட்டார். எல்லாம் ஒன்பது என்றேன். என்னை ஒரு தடவை பார்த்தார். எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஒரு மாணவனிடம் சிறு பெட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். உள்ளே கைப்பிடி வைத்த ஒரு பூதக்கண்ணாடி. "கண்ணுக்கு ஒத்தாசையா இருக்கும்னு அம்மா சொன்னாங்க" என்றான் அவன். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய போனை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் அவர், நண்டு தானாக எந்த வழியில் பாலத்தைத் தாண்டியது என்று தேடினார். மழைநீர் வாய்க்கால், இறால் குட்டைக் குழாய், தூண்டில் இரை விற்கும் கடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெயிலில் அவர் வாய்க்கால் கரையில் நடப்பதை இரண்டு முறை என் கண்ணாலேயே பார்த்தேன். வேறு பக்கம் திரும்பிப் போனேன். அவரை முடித்தது பழைய சிறுநீரக நோய். நடை அல்ல. ஆனால் கடைசி வரை நடந்தார்.

ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அன்று மழையில் என் விரல் மரத்துப்போயிருந்தது. இரண்டு வருஷமாகவே கண்ணில் புரை. சாக்கின் அடியில் கிடந்த கடைசி இரண்டு நண்டுகளை நான் எண்ணவில்லை. வயிற்றில் முட்டையைப் பார்த்தேன், பழக்கப்பட்ட கை விட்டுவிட்டது. கைக்குத் தெரியுமா என்று ஊருக்கு முன்னால் அவரைக் கேட்டவன் நான்தான். அந்த இரண்டுக்கும் எத்தனை முள் என்று எனக்குத் தெரியாது. எண்ணியிருந்தால்தானே தெரியும். அவர் என்னை நம்பி எழுதினாரா, தெரிந்துகொண்டே எழுதினாரா, அதுவும் எனக்குத் தெரியாது.

வாய்க்காலில் இன்னும் அந்த வழியைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். முதலில் அந்தப் பதிவேட்டை எடுங்கள். "எல்லாம் ஒன்பது" என்பதை அடித்துவிட்டு "இரண்டை எண்ணவில்லை" என்று எழுதுங்கள். பக்கத்தில் உள்ளூர்வாசி என்று போடாதீர்கள். நான் வந்து பெயரெழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

பூதக்கண்ணாடி என்னிடமே இருக்கட்டும். அது ஆய்வுக்கூடத்துச் சொத்து என்று யாராவது கேட்டு வந்தால் கொடுக்க மாட்டேன். நேற்று சாக்கில் பதினோரு நண்டுகள். கண்ணாடியை வைத்து இரண்டு பக்கமும் எண்ணினேன். எல்லாம் ஒன்பது.