இரண்டாவது கண்ணாடி

நான் பீச்சாங்கைக்காரன். சின்ன வயதில் கையில் சூடு போட்டும் மாறவில்லை. தென்காசியில் எனக்கு வேலை கொடுத்த ஜவுளிக்கடை முதலாளி, கல்யாண ஜவுளிப் பக்கம் என்னை அண்டவே விடமாட்டார். இடது கையால் கிழித்துக் கொடுத்த துணி விளங்குமா என்று ஆட்கள் முகம் சுளிப்பார்களாம். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்குத் துண்டும், எழவு வீட்டுக்குக் கோடித்துணியும் விற்பது என் பாடு.

கூடவே கண்ணாடி வேலை. கல்லாவுக்கு எதிரே சாய்வாகத் தொங்கிய பெரிய கண்ணாடியில் எங்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே காவல் காப்பார். ஆணி தளர்ந்தால் இறுக்குவது, சாய்வு பிசகினால் பின்னால் அட்டை செருகுவது, பழைய பேப்பரால் துடைப்பது எல்லாம் நான்தான். அதில் என் இடது கை வலது கையாகத் தெரியும்.

"ஏலே, கண்ணாடியிலதாம்லே நீ மனுசன் மாதிரி இருக்கே" என்பார். கடையே சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு முதலாளி கடையை ஒரு சுவருக்கு அப்பால் திருப்பிப் பின்கட்டாக நீட்டினார். அங்கே என்னையும் தன் மச்சினனையும் போட்டார். பழைய கண்ணாடிக்கு அந்த இடம் எட்டவில்லை. திருப்பத்தில் நான் இன்னொரு கண்ணாடியை மாட்டி, இதில் விழுவது அதில் தெரியும்படி அரைநாள் மல்லுக்கட்டி நிறுத்தினேன்.

சாரல் தொடங்கியது. ஈரத்தில் புதுக் கண்ணாடியின் மேல்பாதி ரசம் போய், தலைகள் தெரியாமல் உடம்பு மட்டும் தெரிந்தது. மாற்றச் சொன்னேன். "பொறவு பாப்பம்லே" என்றார்.

ஒருநாள் மத்தியானம், கடை நிறையக் கூட்டம். முதலாளி விறுவிறுவென்று பின்கட்டுக்கு வந்து என் பிடரியில் அறைந்தார். தலை தெரியாத வேலையாள் ஒருவன் பட்டு ரவிக்கைத் துண்டை இடுப்பில் செருகியதைக் கண்ணாடியில் பார்த்தாராம். செருகியது வலது கை. கண்ணாடியில் வலது என்றால் நிஜத்தில் இடது. அப்படியானால் இந்தப் பீச்சாங்கைப் பயல்தான்! அத்தனை பேர் முன்னால் என் வேட்டியை உருவினார். ஒன்றும் கிடைக்கவில்லை.

"எங்கலே ஒளிச்சே, களவாணிப் பயலே?"

களவாணி என்று பேர் விழுந்தவனுக்குக் கடைத்தெருவில் எவன் வேலை கொடுப்பான்? வேட்டியைச் சுற்றிக்கொண்டே கத்தினேன்: "மொதலாளி, கல்லாவுல போய் உக்காந்து பாருங்க. நான் பீச்சாங்கையத் தூக்குதேன். எந்தக் கை தெரியுதுன்னு சொல்லுங்க."

போய்ப் பார்த்தார். தூக்கினேன். இடது கை இடது கையாகவே தெரிந்தது. ஒரு கண்ணாடி மாற்றிக் காட்டுவதை இரண்டாவது கண்ணாடி நேராக்கிவிடும். அப்படியென்றால் அவர் பார்த்தது நிஜமான வலது கை. பின்கட்டு வேலையாட்களில் வலது கைக்காரன் ஒருவன்தான். அவருடைய மச்சினன் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றான்.

முதலாளி அவனைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பெண்டாட்டியை நினைத்திருப்பார், பாவி.

"சரி, சரி. அந்த ரெண்டாவது கண்ணாடியக் கழட்டிக் கொடுத்துட்டுப் போ. நாளையிலேர்ந்து வராத."

"அப்பம் களவாண்டது ஆருன்னு இவங்க முன்னால சொல்லுங்க."

"வாய மூடுலே."

ஆணியைப் பிடுங்கிக் கண்ணாடியை இறக்கினேன். அத்தனை பேர் பார்க்க அதை இடது கையால் நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.