மலையாளம் தெரியாதவளாக ஒரு மணி நேரம்

லண்டனில் அலுவலகப் பயிற்சி முடிந்ததும் அயர்லாந்துக்குத் தனியாகக் கிளம்பினேன். திருவனந்தபுரத்தில் இருந்த அம்மாவிடம் போனில், "ஆபீஸ்ல பத்து பேரா போறோம்மா" என்று புளுகியிருந்தேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடலோரக் கிராமம் ஒன்றில் மழையில் இரண்டு மணி நேரம் நின்றும் பஸ் வரவில்லை. சாலையில் ஈ காக்காய் இல்லை. விடுதிக்கு எப்படித் திரும்புவது என்று தெரியவில்லை.

ஒரு கார் வந்து நின்றது. உள்ளே கணவனும் மனைவியும். "நாட்டில் எவிடெயா?" என்று மலையாளத்தில் ஊரைக் கேட்டாள் அவள். ஊர்க்காரர்கள் வழியாக அம்மா காதுக்குப் போய்விடுமே என்று பயந்து, மலையாளமே தெரியாதவள்போல் "ஸாரி?" என்றேன்.

அவள் சிரித்தாள். இனி பஸ் கிடையாது என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டாள். ஏறிய பிறகு, யார் இவர்கள் என்று அடுத்த பயம். பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

கணவர் என்னிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். "பாவம், பேடிச்சிரிக்குவா. ஒந்நும் சோதிக்கண்டா" என்று தடுத்தாள் அவள். பயந்திருக்கிறாள், எதுவும் கேட்க வேண்டாமாம். ஒன்றும் புரியாத முகத்தோடு ஜன்னலைப் பார்த்தேன்.

விடுதி வாசலில் இறங்கியபோதும் "தேங்க் யூ"தான் சொன்னேன்.

அறைக்கு வந்து பையைக் கட்டிலில் வைத்ததும்தான் கண்ணில் பட்டது. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை ஜவுளிக்கடையில் கொடுத்த துணிப்பை. கொட்டை எழுத்தில், மலையாளத்தில், கடையின் முகவரி.

இதைப் பார்த்துவிட்டு, எனக்குக் கேட்கட்டும் என்றுதான் கணவரிடம் மலையாளத்தில் அதைச் சொல்லியிருக்கிறாள். அவள் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் வெளியூரில் யாராவது முழித்துக்கொண்டு நின்றால் போய் உதவுகிறேன். எந்த ஊர் என்று மட்டும் கேட்பதில்லை.