இரண்டாம் முறை கேட்காத ஊரில் சிவபாதம் அண்ணை

திங்கட்கிழமை காலை தொழிற்சாலையில் வரைபலகை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மேலாளர் அறையில் எனக்குத் தொலைபேசி வந்திருப்பதாக வந்து சொன்னார்கள். பன்னிரண்டு வருடமாக ஜெர்மனியில், பீலெஃபெல்ட் ஊரில் வேலை பார்க்கிறேன். வேலை நேரத்தில் என்னை யாரும் அழைத்ததில்லை. மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் பேசினார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் தேயிலைக் கடை வைத்திருந்தவர் காலையில் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்றும், கடைச் சுவரில் என் எண்ணை ஒட்டிவைத்திருந்தார் என்றும் சொன்னார். நீங்கள் உறவினரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இந்த நாட்டில் அவருக்கு உறவு என்று சொல்லிக்கொள்ள வேறு ஆள் இல்லை.

சிவபாதம் அண்ணையை அறிந்த நீங்கள் இப்போது லண்டனிலும் லைப்சிக்கிலும் மதராஸிலுமாகச் சிதறிக் கிடக்கிறீர்கள். படிக்க வந்த காலத்தில் அவரிடம் அரிசியும் மிளகாய்த்தூளும் வாங்கியவர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலில் வந்தவர்களுக்கு அவர் வாய் ஓயாத, வந்தவரை விடாத கடைக்காரர். பின்னால் வந்தவர்களுக்கோ ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத கறாரான மனிதர். இரண்டும் ஒரே ஆள்தான். நடுவில் நடந்தது எனக்குத் தெரியும்.

அறுபத்தேழில் கோவில்பட்டியிலிருந்து தையல் இயந்திரத் தொழிற்சாலைப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தேன். முதல் குளிர்காலத்தில் தமிழ் பேசி நாள் கணக்காகிவிட்டது. கண்ணாடி ஜன்னலில் கொத்தமல்லி விதையைப் பார்த்துத்தான் அந்தக் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே ஒரு மனிதர் எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, மேலே கம்பளி மேலங்கி. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீரோ தம்பி?" என்றார். சாப்பிட்டாச்சு என்று பொய் சொன்னேன். இன்னொரு முறை கேட்டார், மறுத்தேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. பின்னறைக்குப் போய்ச் சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய், தேயிலை ஏற்றுமதி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, அந்தத் தொடர்பில் ஹாம்பர்க் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து இந்த ஊருக்கு வந்தவர் அவர். ஏன் ஹாம்பர்க்கை விட்டு வந்தீர்கள் என்று கேட்டேன். பெரிய ஊரில் கடை போட்டால் அவனவன் தன்பாட்டில் போவான், சின்ன ஊரில் கடை போட்டால் ஆளே வரமாட்டான், வளருகிற ஊரில்தான் போட வேண்டும் என்று விளக்கினார். "கடை எண்டா கதவு திறக்கிறதில்லைத் தம்பி, ஆள் வந்தா எழும்பிறது" என்பது அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம். குள்ளமான ஜெர்மன் பாட்டியம்மா கால் பவுண்டு தேயிலைக்கு வந்தாலும் எழுந்து நிற்பார்.

வந்தவர்களுக்குப் பால் ஊற்றிய தேநீர் கொடுப்பார். ஜெர்மன்காரர்கள் வேண்டாம், நன்றி என்பார்கள். நம் வீடுகளில் முதல் தடவையிலேயே கையை நீட்டி வாங்கிக் குடிப்பவனைப் பார்த்தால் பெண்கள் உள்ளே போய்ச் சிரிப்பார்களே, அந்த வளர்ப்பு அவருக்கு. மறுப்பு என்றால் இன்னொரு முறை கேள் என்று பொருள். ஆகவே கேட்பார். அவர்கள் சங்கடப்படுவார்கள். மூன்றாவது முறை கோப்பையே கையில் வந்துவிடும். குடித்துப் பார்த்து நல்லாயிருக்கிறதே என்பார்கள். இப்படி வலுக்கட்டாயமாகத் தேநீர் குடிக்க வைக்கப்பட்டு வாடிக்கையாளர் ஆனவர்களில் ஒருவர்தான் கட்டட முதலாளி மையர். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்து, நின்றபடியே ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போவார்.

சனிக்கிழமை மத்தியானம் சட்டப்படி கடையைப் பூட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் இலை விழுந்தால் கேட்கும். எங்கள் இருவருக்கும் அந்த ஒன்றரை நாளைக் கழிப்பதுதான் பெரும் பாடு. ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு காட்டுப்பக்கம் நடக்கப் போவார்கள். நாங்கள் மேற்கே, புதிய பல்கலைக்கழகம் கட்டும் இடத்துக்குப் போவோம். பாரந்தூக்கிகள் அசையாமல் நிற்கும். சேற்றில் நின்றுகொண்டு அண்ணை கையை நீட்டி, இங்கே மாணவர் வீடுகள் வரும், அங்கே டிராம் திரும்பும், இந்த மூலையில் ஒரு கடை வரும் என்று காட்டுவார். எனக்குக் குளிரில் மூக்கு உதிர்ந்துவிடும் போலிருக்கும். அவருக்கு அங்கே தேயிலைப் பெட்டிகளும் மனோன்மணி அக்காவும் தெரிந்தார்கள்.

மனோன்மணி அக்கா அவர் மனைவி. ஒரு மகளோடு ஊரில் இருந்தார். அவர்களைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அண்ணையின் ஒரே காரியம். கடை, உழைப்பு எல்லாம் அதற்குத்தான். வெளிநாட்டவர் அலுவலகத்தில் தடை ஒன்றே ஒன்று சொன்னார்கள்: குடும்பம் குடியிருக்கத் தகுந்த வீடு வேண்டும். அவர் இருந்தது கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. வீடு தேடிப் போனால், முகத்தைப் பார்த்ததும் வீடு அப்போதுதான் வாடகைக்குப் போய்விட்டதாகச் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

எழுபதாம் வருடக் கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை நானும் கடையில் இருந்தேன். மையர் தேநீரைப் பாதி குடித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குக் கீழே தான் கட்டும் கட்டடத்தில் மூலைக்கடை ஒன்று இருக்கிறது, மேலே மூன்று அறை வீடும் உண்டு, உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டார். பட்டென்று கேட்டார், உப்பு வேண்டுமா என்பது போல. நாங்கள் சேற்றில் நின்று கைகாட்டிய அதே பக்கம். அண்ணையின் காது மடல் சிவந்துபோனது. என்ன சொன்னார் தெரியுமா? ஐயோ, எனக்கெதற்கு, நான் சின்ன வியாபாரி, உங்களுக்கு ஏன் சிரமம், யாராவது பெரிய ஆளாகப் பார்த்துக் கொடுங்கள் என்றார். நல்ல ஜெர்மனில், தலையைச் சாய்த்து, மிக மரியாதையாகச் சொன்னார். மையர் வருத்தம்தான் என்று சொல்லி மீதித் தேநீரைக் குடித்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

கதவு சாத்தியதும் அண்ணை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அடுத்த வெள்ளி திரும்பக் கேப்பார், அப்ப ஓம் எண்டு சொல்லுவம்" என்றார். எனக்கும் அதில் ஒரு தவறும் தெரியவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும், என் அப்பா இருந்தாலும், இதையேதான் சொல்லியிருப்போம். கேட்டவுடன் ஓம் என்று விழுந்தால் என்ன மனிதன் என்று நினைப்பார்களே. அந்த வாரம் முழுவதும் அவர் ஜன்னலுக்கு என்ன துணி, சாமிப்படம் எந்தச் சுவரில், மகளுக்கு எந்த அறை என்று பேசிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வெள்ளி மையர் வந்தார். சிமெண்ட் கிடைக்காத கதை சொன்னார். குடித்தார், போனார். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. போய் நீங்களே கேளுங்கள் அண்ணை என்று நான் பிடுங்கினேன். வேண்டாம் என்று சொன்ன வாயால் எப்படிக் கேட்பது என்று தயங்கித் தயங்கி, கடைசியில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு மையரின் அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். மூலைக்கடையை ஒரு ரொட்டிக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு கையெழுத்தும் ஆகிவிட்டிருந்தது. மையர் கெட்ட மனிதர் அல்ல. உண்மையாகவே புரியாமல் விழித்தார். "நீங்கள் வேண்டாம் என்றுதானே சொன்னீர்கள்?" என்றார்.

அதிலிருந்துதான் அவர் மாறினார். தேநீர் வேண்டுமா என்று ஒரே ஒருமுறை கேட்பார். வேண்டாம் என்றால் கெண்டியைக் கீழே வைத்துவிடுவார். "இஞ்ச ஒரு சொல்லுக்கு ஒரு சொல், தம்பி" என்பார். பொங்கலுக்கு என் அறைக்கு வாருங்கள் என்று நான் வாயெடுத்தால், வாக்கியம் முடியுமுன் "ஓம், வாறன்" என்பார். புதிதாக வந்த பையன்கள் அவரைப் பசிக்கு அலையும் மனிதர் என்று நினைத்தார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. ஒரு ஊரில் பிழைப்பதற்காக மனிதன் தன் ஊர் மரியாதையை இப்படிச் சுரண்டி எடுத்துப் போட வேண்டுமா என்று கோபம் வரும். ஆனால் அவர் சரியாகத்தான் கற்றுக்கொண்டிருந்தார், வியாபாரமும் மோசமாகவில்லை.

இரண்டு மூன்று வருடம் கழித்து வாடிக்கைக்காரி ஒருவர் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது தன் இரண்டு அறை வீட்டை அவருக்கு விட்டுவிடச் சம்மதித்தார். வேண்டுமா என்று கேட்ட நொடியில் அண்ணை ஓம் என்றார். வெளிநாட்டவர் அலுவலகத்திலும் ஒப்புக்கொண்டார்கள். உடனே ஊருக்கு எழுதினார். பதிலை அக்காவின் தம்பியே கொண்டுவந்தார். அவர் லண்டனுக்குப் படிக்கப் போகிறவர், வழியில் இரண்டு நாள் தங்கினார். சோறு சாப்பிட்டு முடித்த பிறகு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அக்கா சொல்லிவிட்டவ, இவ்வளவு காலம் போயிட்டுது, இனி நான் வந்து உங்களுக்கு ஏன் கரைச்சல் எண்டு."

கரைச்சல் என்றால் அவர்கள் பேச்சில் தொந்தரவு. அண்ணை சாப்பிட்ட தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டார். பிறகு "சரி" என்றார். அவ்வளவுதான்.

மச்சான் ரயிலேறியதும் நான் நடைமேடையிலேயே சண்டை பிடித்தேன். "அண்ணை, அது வேண்டாம்னு சொன்னதில்ல. அன்னைக்கு மையர்கிட்ட நீங்க சொன்ன அதே பேச்சு. இன்னொரு தரம் எழுதுங்க" என்றேன். அவர் என்னைப் பொறுமையாகப் பார்த்தார். "அவ வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா, தம்பி. ஒரு மனுசி சொன்ன சொல்லைத் திருப்பித் திருப்பிக் கேக்கிறது மரியாதை இல்லை." அந்த வாக்கியத்தை எந்த ஜெர்மன்காரரும் ஒப்புக்கொள்வார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார். கடையைப் பார்க்க ஆள் இல்லாததால் சீக்கிரமே திரும்பிவிட்டார். அக்காவிடம் பேசினீர்களா என்று விமான நிலையத்திலேயே கேட்டேன். கல்யாண வீட்டில் ஆட்கள் அதிகம் என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, "அவவும் ஒண்டும் கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை" என்றார். அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த இரண்டு அறையில் ஒன்றில் அவர் கால் வைத்ததே இல்லை. ஆனால் குளிர்காலம் முழுவதும் அங்கே கணப்பு அடுப்பு எரியும். ஆளில்லாத அறைக்கு எதற்கு அண்ணை சூடு என்று ஒருமுறை கேட்டேன். குழாய் உறைந்துவிடும் என்றார். அந்த அறையில் குழாய் இல்லை. நான் என் அறைக்குத் திரும்பி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஊர் மட்டும் எங்களைச் சுற்றிப் பக்கத்துக் கிராமங்களையெல்லாம் விழுங்கி வளர்ந்துகொண்டே போனது.

மருத்துவமனைக்குப் போய்த் திரும்பிய அன்றே ஊருக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். தகனம் இங்கேயே நடந்தது. தகனத்தில் நானும், மையரும், தேயிலை வாங்கும் சில பெண்களும் இருந்தோம். இந்த நாட்டில் அஸ்தியை வீட்டுக்குக் கொடுக்கமாட்டார்கள். இங்குள்ள கல்லறையில் புதைக்க வேண்டும், இல்லையென்றால் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக ஒரு அந்த்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுக்க வேண்டும். எதைச் செய்வது என்பதைச் சொல்ல வேண்டியவர் அக்கா. தபால் நிலையத்தில் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தேன். அக்கா, தன் வீட்டுப் பக்கத்துக் கடைக்கு வந்து பேசினார். அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணை எழுதிய கடிதத்திலெல்லாம் நான் இருந்தேன் போலிருக்கிறது.

விடுப்பு எடுத்துக்கொண்டு அஸ்தியை நானே கொண்டுவருகிறேன், கீரிமலைக் கடலில் கரைக்கலாம் என்றேன்.

"வேண்டாம் தம்பி. உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்றார்.

அண்ணையிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது எதுவென்று கேட்டால், இந்த ஊர் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்ட ஒன்றைத்தான் சொல்வேன். முதல் நாள் கடைக்குள் நின்ற எனக்கு அவர் கொடுத்தது அது. எனக்குக் கரைச்சல் ஒன்றும் இல்லை அக்கா, கொண்டுவரட்டுமா என்று மறுபடி கேட்டேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பயந்தேன். மூன்றாம் முறையும் கேட்டேன்.

"ஓம் தம்பி" என்றார் அக்கா. "அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."