அப்புத்தளையில் ஒரு சினைப் பச்சை விரியன்

சென்னைப் பக்கம் ஒரு பாம்புப் பண்ணையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, போதும் என்று எழுதிக் கொடுத்த மாதம் அது. பாம்பே கண்ணில் படாத குளிர்ந்த ஊராகப் போகலாம் என்று இலங்கை மலைநாட்டில் அப்புத்தளையைத் தேர்ந்தெடுத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

மாசியில் போனேன். மழை குறைவு, காலையில் நல்ல வெயில். பதுளையிலிருந்து பண்டாரவளை சுமார் முப்பது கிலோமீட்டர்; அங்கே பஸ் மாறினால் அப்புத்தளைக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு. வளைவுகளோடு சேர்த்து இரண்டு மணி நேரம் ஆகும். வயிறு புரட்டுகிறவர்கள் முன்சீட்டைப் பிடியுங்கள்.

மறுநாள் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்க அரை நாளுக்கு நாலாயிரம் ரூபாய் பேசி ஒரு ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் ராஜேந்திரன், முப்பது வயது இருக்கும். என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டார்.

“அக்கா, எங்க லயத்துல ஒரு பச்ச விரியன் இருக்கு. நீங்க ஒருக்கா பாக்கணும்.”

லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். கொழுந்து பறிக்கும் பெண்கள் தேயிலைச் செடியில் அதைப் பார்த்துவிட்டு, அடிக்கச் சொல்லி இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் மனைவி செல்வி எட்டு மாதக் கர்ப்பிணி. மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் பாம்பை அடிக்கக் கூடாது என்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். குச்சியால் தள்ளி ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் விட்டுத் தூக்கி வந்துவிட்டார். தூரத்தில் கொண்டுபோய் விடுவதுதான் எண்ணம். செல்வி அதன் வயிற்றைப் பார்த்துவிட்டு, “வெளிய கீரி இருக்கு, நாய் இருக்கு. இங்கயே பெத்துட்டுப் போகட்டும்” என்று தடுத்துவிட்டாள்.

மூன்று வாரமாகிறது. பாம்பு உள்ளே போட்ட தவளையைத் தொடவில்லை, குட்டியும் போடவில்லை. செல்விக்குத் தூக்கம் போய்விட்டது. அது உள்ளேயே செத்தால் தன் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறாள்.

லயத்தின் பின்பக்கம் நிழலில் பீப்பாய் இருந்தது. எட்டிப் பார்த்தேன். உடம்பின் பின்பாதி நன்றாகப் பருத்திருந்தது. உயிர் இருந்தது, சுறுசுறுப்பு இல்லை.

“அடைச்சு வச்சா பொறக்காதாக்கா?” என்றாள் செல்வி.

இந்தக் கேள்வியோடுதான் நான் பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். வெளியில் ஒரு ஈற்றுக்குப் பிறகு உடம்பு தேறும்வரை அடுத்த ஈற்றுக்கே போகாத பாம்புகள் உண்டு. பண்ணையில் நேரத்துக்குத் தீனி போட்டு வருடா வருடம் ஈன வைப்போம், சீக்கிரமே தளர்ந்துவிடும். வேறு சில, எல்லாம் கச்சிதமாக இருந்தும் இணையே சேராது. சேர்ந்தாலும் சில நேரம் குட்டிக்குப் பதில் கரு வளராத மஞ்சள் கட்டிகள்தான் விழும். இதையெல்லாம் அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“பொறக்கவும் செய்யும், பொறக்காமலும் போகும். குட்டி வளர வெயில் வேணும். எப்ப வெயிலுக்கு வரணும், எப்ப நிழலுக்குப் போகணும்னு அதுக்குத்தான் தெரியும். பீப்பாய்க்குள்ள அது எங்க நகரும்?”

செல்வி தன் வயிற்றில் கைவைத்தபடி பீப்பாயை எட்டிப் பார்த்தாள். பிறகு புருஷனிடம், “கொண்டு போய் விட்ருங்க” என்றாள்.

பிடித்த இடத்துக்கு அருகிலேயே, கொழுந்து பறிக்காத ஓடைக்கரைப் புதருக்குக் கொண்டுபோனோம். வராதே என்று சொல்லியும் கேட்காமல் செல்வி பின்னாலேயே வந்தாள். பீப்பாயை நீளக் குச்சியால் சாய்த்தேன். பாம்பு மெதுவாக ஒரு கிளையில் ஏறி, வெயில் விழுந்த இடத்தில் சுருண்டுகொண்டது. “நல்லபடியா பெத்துக்க” என்றாள் செல்வி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போகிறவர்களுக்கு: தேயிலைக்குள் இறங்கிப் படம் எடுக்காதீர்கள், இந்தப் பச்சை அந்தப் பச்சையில் தெரியாது. பாம்பைப் பார்த்தால் விலகி நின்று வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். நான் செய்ததை நீங்கள் செய்ய வேண்டாம். மதியத்துக்குள் சுற்றி முடியுங்கள், பிறகு மூடுபனியில் ஒன்றும் தெரியாது.

சித்திரையில் ராஜேந்திரன் போன் செய்தார். பெண் குழந்தை, இருவரும் நலம். பாம்பு என்ன ஆனது என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தி, “யாருக்குத் தெரியும்க்கா? செல்விகிட்ட குட்டிங்களப் பாத்தேன்னு சொல்லி வச்சிருக்கேன்” என்றார்.

செல்வி போனை வாங்கினாள். “இவரு சும்மா சொல்றாருன்னு தெரியும்க்கா. நெசமாவே அது என்னாச்சு?”

“எனக்கும் தெரியாது, செல்வி.”

“தெரியாட்டி நல்லதுதான்க்கா” என்றாள். “பீப்பாயிலயே வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.”