ஆயுத பூஜைக்கு நான் சுத்தம் செய்த கம்ப்யூட்டர்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜை. இடம், கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் நான் வேலை பார்க்கும் டயாலிசிஸ் மையம். ஓர் அறக்கட்டளை நடத்துவது. மொத்தம் எட்டு மெஷின். செய்யூர், கருங்குழி, கடலோரக் குப்பங்கள் என்று சுற்றுவட்டாரத்தில் சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்து, நாலு மணி நேரம் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். நான் அங்கே வாசல் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவள். டோக்கன் கிழித்துக் கொடுக்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மையத்தின் டேட்டாபேஸ் நான் போட்டது, நான் ஓட்டுவது. கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மூக்கு உடைபடுகிற இடமும் பின்னால் வருகிறது.

நான் செய்யூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நடவு நட்டு, அறுப்பு அறுத்து என்னை பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமா படிக்கவைத்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மையத்தில் எல்லாமே நோட்டில்தான் இருந்தது. இந்த நோயாளிகள் ஒவ்வொருவருக்கும், தேங்கிய நீரெல்லாம் வெளியேறிய பிறகு இருக்கவேண்டிய எடை என்று ஒன்றை டாக்டர் குறித்திருப்பார். அதை வைத்துத்தான் அன்றைக்கு எவ்வளவு நீர் எடுப்பது என்று கணக்கிடுவார்கள். கூடுதலாக எடுத்தால் ஆள் மயங்கிவிடுவார், குறைவாக எடுத்தால் மூச்சு வாங்கும். அப்பேர்ப்பட்ட எண்ணை, ஈரக்கை பட்டு மசி கலைந்த நோட்டில் மூன்றா எட்டா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

போஸ்ட்கிரெஸ் என்று ஒரு டேட்டாபேஸ் உண்டு. உலகம் முழுக்கப் பலபேர் சேர்ந்து எழுதி, எல்லாருக்கும் பொதுவில் விட்டது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இறக்குவது சுலபம்தான், அதற்குள் நுழைவதற்குத்தான் எனக்குப் பதினோரு நாள் ஆனது. கடவுச்சொல்லைச் சரியாக அடித்தாலும் நீ யாரென்றே தெரியாது என்றது. கவுன்டர் கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிட்டால் கதவைத் திறக்கவே இல்லை. யார் யாரை உள்ளே விடலாம் என்று எழுதிவைக்கும் ஒரு ஃபைல் இருக்கிறது, அதில் ஒரே ஒரு வரி சேர்க்கவேண்டும் என்று கண்டுபிடித்தது பத்தாம் நாள். சேர்த்துவிட்டு, சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டவேண்டும் என்று தெரியாமல் அதைத் திட்டிக்கொண்டே இருந்தது பதினோராம் நாள். கடைசியில் அது ஓடி, நாளைய நோயாளிகளின் பட்டியல் எடையோடும் மருந்தளவோடும் பிரிண்டரில் வந்து விழுந்தபோது, அந்தக் காகிதத்தை ஊருக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் இரண்டு தடவை வாங்கி வாங்கிப் பார்த்தார்.

அன்றிலிருந்து அது என் பிள்ளை மாதிரி. தினமும் மத்தியானம் ஒரு மணிக்குத் தானாக ஒரு நகல் எடுத்து தனி டிஸ்கில் போட்டுவைக்கும்படி செய்திருந்தேன். அதோடு விடவில்லை. சனிக்கிழமைதோறும் அந்த நகலை வீட்டுக்குக் கொண்டுபோய், என் பழைய லேப்டாப்பில் ஏற்றி, எல்லாம் சரியாக எழுந்து வருகிறதா என்று பார்ப்பேன். என் வீட்டுக்காரர் கேலி செய்வார். "ஊர்ல சனிக்கிழமைன்னா எண்ணெ தேச்சிக் குளிப்பாங்க. நீ இன்னாடான்னா பேக்கப்ப குளிப்பாட்டிகினு கீற."

சரி, பூஜைக்கு வருகிறேன். டயாலிசிஸுக்கு லீவு கிடையாது. அதனால் அன்றைக்கு இரண்டு ஷிப்டோடு முடித்துக்கொண்டு, சாயங்காலம் பூஜை போடுவது எங்கள் வழக்கம். மத்தியானத்துக்கு மேல் பேனா, நோட்டு, கத்திரிக்கோல், பிரஷர் பார்க்கிற பழைய கருவி, பிரிண்டர் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் போய்விடும். வைத்ததை மறுநாள் காலை வரைக்கும் யாரும் தொடக்கூடாது. மறுநாள் பட்டியலைக் கூட பிரிண்ட் எடுக்கவில்லை. காலையில் எடுத்தால் போச்சு என்று விட்டுவிட்டோம்.

எல்லாரும் மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் சிஸ்டர், என்னைவிட வயதில் சின்னவள், வாய் மட்டும் பெரிசு, சீண்டினாள். "இன்னாக்கா, உன் பொட்டிக்கு மட்டும் குளியல் கெடையாதா?"

சர்வரை வெளியே பளபளவென்று துடைத்தேன். துடைத்த கையோடு, உள்ளேயும் சுத்தம் செய்துவிடலாமே என்று தோன்றியது. பார்த்தால் டிஸ்க் நிரம்பி வழிகிறது. எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தேடினேன். ஒரு ஃபோல்டருக்குள் நூற்றுக்கணக்கான ஃபைல்கள், எல்லாம் ஒரே அளவு, பெயரெல்லாம் பூஜ்யம் பூஜ்யமாக நீண்டுகொண்டே போகிறது. திறந்தால் ஒன்றும் புரியவில்லை. பழைய குப்பை என்று நானே தீர்ப்புச் சொல்லி, மொத்தத்தையும் அழித்தேன். இடம் கிடுகிடுவென்று காலியானது. ஆஹா, இதுவல்லவா ஆயுத பூஜை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டு, கம்ப்யூட்டரை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டினேன்.

மறுநாள் விஜயதசமி. எடுத்த காரியம் ஜெயிக்கும் நாள். ஐந்தரை மணிக்குப் போய் சர்வரைப் போட்டேன். கம்ப்யூட்டர் எழுந்தது, டேட்டாபேஸ் எழவில்லை. எங்கே விட்டேன் என்ற அடையாளமே கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுச் செத்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடியும் அதே வரி. அதற்கு என்ன அர்த்தம் என்று தேடிப் படித்தேன். நான் அழித்தது குப்பை இல்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் அங்கேதான் எழுதிவைத்துக்கொள்ளுமாம். எழுந்ததும் அதைப் பார்த்துத்தான் தன் நினைவைத் திரட்டிக்கொள்ளுமாம். அது ஏன் அத்தனை சேர்ந்ததென்றால், சில மாதம் முன்பு நான் அரைகுறையாகப் படித்துப் போட்ட ஒரு செட்டிங். அடைத்ததும் நான், அழித்ததும் நான்.

ஆறு மணிக்குள் பெஞ்சு நிரம்பிவிட்டது. முதல் ஆள் குப்பத்து அண்ணன் ஒருவர், படகில் போகிறவர். கால் இரண்டும் வீங்கி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "இன்னாம்மா, கம்பூட்டரு இன்னும் முழிச்சிக்கலியா? எனக்கு அம்பத்தெட்டோ இன்னாவோதான், போட்டு வுடேன்" என்றார். சிஸ்டர் ஒப்புக்கொள்ளவில்லை. "இன்னாவோக்கெல்லாம் மெஷினு போட முடியாதுண்ணா, குந்து" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையில் கேலி இல்லை. பதினாறு பேருக்கு எடை, மருந்தளவு, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, எல்லாம் என் பெட்டிக்குள். டாக்டர் செங்கல்பட்டிலிருந்து வரவே பத்து மணி ஆகும். அவருக்கும் அத்தனை பேர் எண்ணும் மனப்பாடமாக இருக்காது.

இணையத்தில் ஒரு கமாண்ட் கிடைத்தது. ஒரே வரி, அடித்தால் டேட்டாபேஸ் எழுந்துவிடும் என்று போட்டிருந்தது. அதை அடித்தும்விட்டேன், என்டர் தட்டவேண்டியதுதான் பாக்கி. அப்போது என்னவோ ஒரு தயக்கம். தமிழில் கம்ப்யூட்டர் சந்தேகம் கேட்கும் ஒரு குழுவில் நான் இருந்தேன். நான் செய்ததையும் செய்யப்போவதையும் அதில் அப்படியே எழுதிப்போட்டேன். அந்த நேரத்துக்கு யார் விழித்திருக்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

நாலே நிமிஷத்தில் முன்பின் தெரியாத ஒருவர் எழுதினார். "எதையும் தொடாதீங்க. அந்தக் கமாண்டை அடிக்காதீங்க. முதல்ல மொத்த ஃபோல்டரையும் வேற டிஸ்குக்கு காப்பி எடுங்க. அது எழுந்தாலும் பாதி உண்மை பாதி பொய்யா எழுந்திருக்கலாம்."

தூக்கிவாரிப் போட்டது. பாதி பொய்யான எடையை நான் அந்த அண்ணனுக்குக் கொடுத்திருப்பேனே! காப்பி எடுக்கப் போட்டேன். பேக்கப் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அதை எப்போதாவது ஏற்றிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். வாராவாரம் என்றேன். "அப்போ நீங்க பொழைச்சீங்க. வெட்கப்படாதீங்க. நானும் ஒரு தடவை அதே ஃபோல்டரை அழிச்சிருக்கேன். அதனாலதான் பார்த்ததும் ஓடி வந்தேன்" என்று எழுதினார். கவுன்டரில் உட்கார்ந்தபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, பக்கத்திலேயே இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பறந்தேன். லேப்டாப்போடு திரும்பி வந்து, முந்தைய நாள் ஒரு மணி நகலை ஏற்றினேன். வாராவாரம் பழகிய கை, ஒரு எழுத்துக்கூடத் தடுமாறவில்லை. பூஜைக் குங்குமம் கலையாத பிரிண்டரில் பட்டியல் வந்தது. ஏழு இருபதுக்கு அந்த அண்ணனை மெஷினில் போட்டார்கள். அவருக்குக் குறித்திருந்த எடை அம்பத்தாறு. அம்பத்தெட்டு இல்லை.

எட்டரைக்கு மேனேஜர் சார் வந்தார். ஏன் தாமதம் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் சிஸ்டர் முந்திக்கொண்டாள். "கரண்டு போயிப் போயி வந்துச்சி சார். அதான் மெஷினு பேஜாரு பண்ணிடிச்சி." எனக்காகத்தான் சொன்னாள், பாவம். தலையாட்டியிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் அடுத்த ஆயுத பூஜைக்கு இன்னொருத்தி இதே குப்பையைப் பெருக்குவாளே என்று தோன்றியது. "கரண்டு இல்ல சார். நான்தான் அழிச்சேன்" என்றேன். நோயாளிகள், நர்சுகள் எல்லாரும் கேட்கத்தான் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. நேற்று ஒரு மணிக்கு மேல் பதிந்ததெல்லாம் எங்கே என்று மட்டும் கேட்டார். அங்கேதான் சிக்கல். இரண்டாவது ஷிப்டில் கருங்குழியிலிருந்து வரும் அம்மா ஒருவர் மயங்கிவிட்டார். டாக்டர் போனில் அவருக்குக் குறித்த எடையைக் கூட்டச் சொன்னார். பேனா, நோட்டெல்லாம் பூஜையில் இருந்ததால் அதை நான் நேராகக் கம்ப்யூட்டரில்தான் பதிந்தேன். அரைக் கிலோவா, ஒரு கிலோவா? பதற்றத்தில் எனக்கும் மறந்துவிட்டது, சிஸ்டருக்கும் நினைவில்லை. பத்து மணிக்கு வந்த டாக்டரும் அரையோ ஒன்றோ என்றார். அந்த அம்மா விஜயதசமிக்கு மறுநாளே மறுபடி வரவேண்டியவர்.

அன்று மத்தியானம் அந்த முகம் தெரியாதவர் ஒவ்வொரு படியாக எழுதிக்கொண்டே வந்தார், நான் அடித்துக்கொண்டே வந்தேன். காலையில் என்டர் தட்டாமல் விட்ட அதே கமாண்டைத்தான் கடைசியில் அடித்தோம். ஆனால் காப்பியின் மேல். எழுந்தது! ஒரு மணிக்கு மேல் பதிந்த ஒவ்வொரு வரியையும் எடுத்து நர்சுகளிடம் கேட்டுச் சரிபார்த்தேன். கருங்குழி அம்மாவுக்கு நாற்பத்தேழு, நாற்பத்தெட்டாகியிருந்தது. டாக்டருக்குப் போன் போட்டு அந்த எண்ணைச் சொன்னேன். "ஆமாம்மா, இப்ப ஞாபகம் வருது, ஒரு கிலோதான் ஏத்தச் சொன்னேன்" என்றார். மறுநாள் அந்த அம்மா நாலு மணி நேரமும் மயக்கமில்லாமல் படுத்திருந்து, எழுந்து, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ் பிடிக்கப் போனார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

மூன்று மாதம் கழித்து மேனேஜர் சார் கூப்பிட்டார். மதுராந்தகத்தில் புதிதாகத் திறக்கும் மையத்துக்கும் நான்தான் டேட்டாபேஸ் போட்டுத் தரவேண்டும் என்றார். அழித்தவளை நம்புகிறீர்களா சார் என்று கேட்டேவிட்டேன். "அழிச்சேன்னு சொன்னவள நம்பறேன்" என்றார். போனேன், போட்டேன். இந்தத் தடவை பதினோரு நாள் ஆகவில்லை, ஒரே மத்தியானம்தான்.

இப்போதும் ஆயுத பூஜைக்கு என் சர்வருக்குச் சந்தனம் குங்குமம் உண்டு. ஆனால் மறுநாள் பட்டியலை அச்சடித்து வைத்த பிறகுதான் பிரிண்டர் சாமி முன்னால் போகும். பெட்டியின் பக்கத்தில் என் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன்: வெளியே துடைக்கலாம், உள்ளே கை வைக்கக்கூடாது.

போன மாதம் காலையில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். அதே குழுவில் யாரோ ஒருவர் எழுதியிருந்தார். பெயரெல்லாம் பூஜ்யமாக நிறைய ஃபைல் இருக்கிறது, அழித்துவிட்டேன், இப்போது எழமாட்டேன் என்கிறது, என்ன செய்வது என்று. கரண்டியைப் போட்டுவிட்டு, மாவு படிந்த விரலோடு எழுதினேன். "எதையும் தொடாதீங்க. முதல்ல காப்பி எடுங்க. வெட்கப்படாதீங்க, நானும் அழிச்சிருக்கேன்." இட்லி அன்றைக்குக் கல்லாகிவிட்டது, வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் செய்யூர்க் கழனியிலிருந்து வந்த இந்தக் கை, எங்கோ முகம் தெரியாத ஒருவரை என்டர் தட்டவிடாமல் பிடித்து நிறுத்தியதே, அந்தப் பெருமை இன்னும் எனக்கு அடங்கவில்லை.