அம்மாவின் ‘யாரு?’

எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் அம்மா வாயிலிருந்து முதலில் வருவது “யாரு?” என்பதுதான். தம்ளர் விழுந்த சத்தம் அடங்கும் முன்பே கேட்டுவிடுவாள். வீட்டில் இருப்பது நானும் அவளும் மட்டும். ஆனாலும் கேட்பாள். நானும் சளைக்காமல் “நான் இல்ல” என்பேன்.

அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்துக்குப் பொறுப்பாளர். துணி அலசும் வேலைக்குச் சேர்ந்து அந்த நாற்காலிக்கு வந்தவள். அவள் சம்பளத்தில் நான் மேலாண்மை படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகி, அதே மருத்துவமனையில் தரக் கண்காணிப்பு உதவியாளன் ஆனேன். ஐந்து முறை ‘ஏன்’ கேட்டால் எந்தக் கோளாறின் ஆணிவேரும் கையில் வந்துவிடும் என்று, கழுத்தில் அடையாள அட்டை தொங்க அலைந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் படுக்கை விரிப்புகள் கிழிய ஆரம்பித்தன. வெளுத்து வந்த துணியில் விரல் நீளக் கிழிசல்கள். முதலில் எடுத்துக் காட்டியவர் இஸ்திரி மேசையில் வேலை பார்த்த நெட்டையக்கா.

“யாரு?” என்றாள் அம்மா.

“தெரியலக்கா. என் மேசைக்கு வரும்போதே இப்படித்தான் இருக்கு.”

“உன் கையிலதானே இருக்கு? அப்ப நீதான்.”

மறுநாளே நெட்டையக்கா அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்கு மாற்றப்பட்டார். ரத்தமும் மருந்தும் ஊறிய துணிகளின் நெடி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஆனாலும் மாதக் கடைசியில் வேலையை விட்டுவிடப் போவதாகச் சொல்லிவிட்டார்.

கிழிசல் நின்றது. “பாத்தியாடா?” என்றாள் அம்மா, எனக்குச் சாப்பாடு போட்டபடி. “உங்க காலேஜ்ல அஞ்சு தடவ கேக்கணும். நான் ஒரே தடவதான் கேட்டேன்.”

சில நாட்களில் வார்டுகளிலிருந்து புகார் வந்தது. நோயாளிகளின் கால்விரல் ஓட்டையில் மாட்டிக்கொள்கிறதாம். கிழிசல் நிற்கவே இல்லை. இஸ்திரி போடுபவர்கள் கிழிந்த பக்கத்தை உள்ளே வைத்து மடித்து அனுப்பியிருந்தார்கள். காட்டிக் கொடுத்தால் அழுக்கு அறைதான் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

நான் களத்தில் குதித்தேன். பெரிய தாளில் எழுதினேன். ஏன் கிழிகிறது? நூல் வலுவில்லை. ஏன்? மலிவான துணி. ஏன்? நிதி போதவில்லை. நாலாவது ‘ஏன்’ என்னை உலகப் பொருளாதாரத்தில் கொண்டுபோய் விட்டது. ஐந்தாவதைக் கேட்கப் பயமாக இருந்தது.

தாளைச் சுருட்டிக்கொண்டு அம்மாவிடம் போகும் வழியில், ஈரத் துணி ஏற்றும் தள்ளுவண்டியை உரசிக்கொண்டு நடந்தேன். சர்ரென்று ஒரு சத்தம். என்னிடமிருந்த ஒரே நல்ல பேண்ட், தொடையருகே விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. குனிந்து பார்த்தேன். வண்டிக் கதவில் கொண்டி இருக்க வேண்டிய இடத்தில் கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தது. நீட்டிக்கொண்டிருந்த அதன் முனையில் விரிப்புகளின் வெள்ளை நூல்கள். கூடவே என் பேண்டின் நூலும். என் தாள் கண்டுபிடிக்காததை என் பேண்ட் கண்டுபிடித்துவிட்டது.

அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தேன். பேண்டைப் பார்த்ததுமே “யாரு கிழிச்சது?” என்றாள்.

“இந்தக் கம்பிம்மா. விரிப்பையும் இதுதான் கிழிச்சிருக்கு.”

“இதை இங்க கட்டினது யா...”

நின்றுவிட்டாள். சுற்றியிருந்தவர்கள் திடீரென்று மும்முரமாகத் துணி உதறினார்கள். கொண்டி உடைந்து, பழுது பார்க்க ஆள் வராத ஒரு காலையில், “இப்போதைக்கு இது போதும்” என்று அம்மாவே முறுக்கிய கம்பி அது.

“நான்தான்” என்றாள், எல்லார் காதிலும் விழும்படி.

அன்றே புதுக் கொண்டி வந்தது. கிழிசலைக் காட்டுகிறவர்களை இனி யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்றாள். பிறகு அழுக்கு அறைக்குப் போனாள். தாளால் தொடையை மறைத்துக்கொண்டு நானும் போனேன். அந்தத் தாளால் விளைந்த ஒரே பயன் அதுதான்.

“நாளையிலேர்ந்து இஸ்திரிக்கே வந்துடும்மா.”

நெட்டையக்கா கையுறையைக் கழற்றினார். “கிழிச்சது யாருன்னு தெரிஞ்சுதாக்கா?”

“கம்பி.”

“கம்பியா?” என்றவர், மேலே ஏதோ வரும் என்று காத்திருந்தார்.

அம்மா அந்தக் கையுறையை வாங்கிக் கூடையில் போட்டாள். “டீ குடிச்சியா?” என்றாள்.

இப்போது அம்மா ஓய்வு பெற்றுவிட்டாள். தட்டு விழுந்தால் “யா...” என்று தொடங்கி, மென்று முழுங்கி, “ஏன் விழுந்துச்சு?” என்கிறாள். நான் இன்னமும் “நான் இல்ல” என்கிறேன். மருத்துவமனையிலிருந்து விடைபெற்ற நாளில் அம்மா நெட்டையக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று பார்த்தேன். “உடம்பைப் பாத்துக்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

போன வாரம், வேலையை விடாமல் இஸ்திரி மேசையிலேயே தங்கிவிட்ட நெட்டையக்கா என்னை நிறுத்திக் கேட்டார். “அன்னைக்கு அம்மா எல்லார் முன்னாடியும் ‘நான்தான்’னு சொன்னாங்களாமே, நிஜமாப்பா?”

“ஆமாக்கா.”

“எனக்குத்தான் கேக்கல” என்று சொல்லிவிட்டு, அடுத்த விரிப்பை எடுத்து மேசையில் விரித்தார்.