ஏழு போன்களும் என் ஒரு விரலும்

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவள். எழுத்து கோணலாக வரும், பாதி விஷயம் மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் மழைக்காலம். சின்னமனூர் பக்கம் எங்கள் ஊர். எங்கள் தெருப் பெண்கள் விடியுமுன் ஜீப் ஏறி, மலைமேல் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போவார்கள். மேலே டவர் கிடையாது, மழையில் போன் நனைந்துவிடும் என்று போகும்போதே போன்களை என்னிடம் கொடுத்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழைப்பு வந்தால் நான் எடுத்துப் பேச வேண்டும். அதற்காக ஒரு போனுக்கும் பூட்டுப் போட மாட்டார்கள்.

அப்போது ரேஷன் கடைக்குப் புதுக் கட்டடம் வருவதாக இருந்தது. கோயில் தெருவா, மெயின் ரோடா என்று ஊராட்சியில் போனிலேயே ஓட்டு வைத்தார்கள். ஒரு நம்பருக்கு ஒரு ஓட்டு. அந்த போனுக்கு வரும் நாலு எண்ணைத் திருப்பி அடித்தால்தான் பதிவாகும். கள்ள ஓட்டு விழக்கூடாதென்று அப்படி ஏற்பாடு. பக்கத்து வீட்டு டீச்சர் சொல்லித்தர, நான் கோயில் தெருவுக்குப் போட்டேன். எனக்கு முழங்கால் வலி. மெயின் ரோடு தூரம்.

டீச்சர் போனதும் ஜன்னலோரம் இருந்த ஏழு போன்களையும் பார்த்தேன். சாயங்காலம் களைத்து வருகிறவர்களுக்கு இந்த வேலை எதற்கு, நாமே போட்டுவிடலாமே என்று தோன்றியது. ஒவ்வொன்றாக எடுத்து, வந்த எண்ணை அடித்து, ஏழு ஓட்டையும் கோயில் தெருவுக்கே போட்டேன். முடித்த பிறகுதான் மனசு ஒரு மாதிரி ஆனது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. ஜீப் சத்தம் கேட்கிறதா என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வந்தபோது போன்களை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

முதலில் போனை வாங்கிய ஒருத்தி அங்கேயே நின்று ஓட்டுப் போடப் பார்த்தாள். ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று வந்தது. மற்றவர்களுக்கும் அப்படியே. ஓட்டு வேலையைப் பார்த்த கம்ப்யூட்டர் கடைக்காரர்தான் ஏதோ செய்துவிட்டார் என்று ஏழு பேரும் ஈரச் சேலையோடு அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார்கள். நானும் பின்னாலேயே போனேன். பாவம், அந்த மனுஷன் ஊருக்குப் புதியவர். பெண்கள் கேட்ட கேள்வியில் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. கடைசியில் ஒன்றுதான் சொன்னார்.

"நம்பரு உங்க போனுக்குத்தாம்மா வரும். பகல்ல போனு யாருகிட்ட இருந்துச்சு?"

ஒருத்திகூட என் பக்கம் திரும்பவில்லை. அவர்கள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நான்தான் தாயி போட்டேன். அவரு மேல தப்பு இல்ல. உங்களுக்கு நல்லதுன்னுதான்…"

முதலில் போன் வாங்கியவள்தான் கேட்டாள். "எங்களுக்கு நல்லதுன்னு நெனச்சீகளா பெரியம்மா, உங்க காலுக்கு நல்லதுன்னு நெனச்சீகளா? ஜீப்பு எங்களை இறக்கி விடுறது மெயின் ரோட்டுலதான."

வேலை முடிந்து இறங்கிய இடத்திலேயே அரிசி வாங்கிக்கொண்டு வரலாமே என்பது அதுவரை என் புத்தியில் ஏறவே இல்லை.

கடைக்காரர் ஊராட்சி ஆபீசுக்குப் பேசி அந்த ஏழு ஓட்டையும் நீக்க வைத்தார். அங்கேயே நின்று அவரவர் கையால் போட்டார்கள். ரேஷன் கடை மெயின் ரோட்டுக்குத்தான் வந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா" என்றார்.

மறுநாள் விடியலில் ஆறு போன்கள் வந்தன. கேள்வி கேட்டவள் தன்னுடையதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஜீப் ஏறினாள். இன்றும் அப்படித்தான் போகிறாள். நம்பிக் கொடுத்த பொருளைப் பத்திரமாக வைத்திருந்தால் மட்டும் போதாது, கொடுத்தவள் சொல்ல வேண்டியதை நாமே சொல்லிவிடக்கூடாது என்பது அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறைக்கிறது.

வந்தது நாலு எண்ணா ஆறு எண்ணா, போன் ஏழா எட்டா என்று சரியாக நினைவில்லை. விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திப் போடுங்கள். போட்டது நான் என்பதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.